பாட்டு யார் கையில் இருக்கிறது?

விருதுநகரில் என் பெரியப்பா மகன் ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்தார். பத்துக்கு எட்டு அடி அறை. நான் கல்லூரியில் சேர்ந்தது 1987-இல். சனி, ஞாயிறு என்றால் அந்த அறையில்தான் கிடப்பேன். ஒரு சுவரில் எல்.பி. ரெக்கார்டுகள் முதுகு தெரிய அடுக்கியிருக்கும், எதிர்ச்சுவரில் கேசட்டுகள். நடுவில் ஒரு டர்ன்டேபிள், இரண்டு டெக், ஓர் ஆம்ப்ளிஃபயர். வருகிறவர்கள் கையில் ஒரு சீட்டு இருக்கும். நோட்டில் கிழித்த தாள், மளிகை ரசீதின் பின்பக்கம், கல்யாணப் பத்திரிகை உறை என்று எதிலாவது பன்னிரண்டு பாட்டு எழுதியிருப்பார்கள். சிலருக்குப் படத்தின் பேர் தெரியாது, முதல் அடியை முனகிக் காட்டுவார்கள். அண்ணன் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, நேராகப் போய் ரெக்கார்டை உருவுவார்.

60 நிமிட கேசட் என்றால் பக்கத்துக்கு 30 நிமிடம். அதற்குள் ஆறு பாட்டு உட்காரும். நாலு நிமிடப் பாட்டாகப் பார்த்துப் போட்டால் ஏழு. கடைசிப் பாட்டு பாதியில் அறுந்துவிடக் கூடாது. அதற்காகவே அண்ணன் ஒரு நீளமான கணக்கு நோட்டு வைத்திருந்தார். கடையில் இருக்கும் ஒவ்வொரு பாட்டும் எத்தனை நிமிடம், எத்தனை விநாடி என்று அதில் குறித்திருப்பார். சீட்டை வாங்கியதும் நோட்டைப் புரட்டிக் கூட்டிப் பார்த்து, வரிசையை மாற்றிப் போடுவார். ரெக்கார்டை வெல்வெட் துணியால் துடைப்பார். டெக்கில் ரெக்கார்ட், பாஸ் இரண்டு பொத்தானையும் அழுத்தி வைத்துக்கொண்டு ஊசியை இறக்குவார். கரகரப்பு அடங்கி, பாட்டு எழுவதற்கு ஒரு நொடி முன்னால் பாஸை விடுவார். ஒரு மணி நேர கேசட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகும். ஏறக்குறைய 86 மீட்டர் நாடா, பக்கத்துக்கு ஒருமுறை, விநாடிக்கு ஐந்து சென்டிமீட்டர் கூட இல்லாத வேகத்தில், டெக்கின் ஹெட்டைத் தொட்டுக்கொண்டு போக வேண்டும். முடிந்ததும் கேசட்டின் முதுகில் இருக்கிற இரண்டு பிளாஸ்டிக் பற்களை ஸ்க்ரூடிரைவரால் உடைத்துவிடுவார். தெரியாமல் பொத்தானை அழுத்தினாலும் பாட்டு இனி அழியாது.

அட்டை எழுதுவது என் வேலை. பாட்டு, படம், பாடியவர்கள் என்று எழுதி நீட்டினால் அண்ணன் திருப்பித் தருவார். "பாட்டு எழுதினவர் பேர் எங்கடா?" என்பார். ரெக்கார்டு உறையைப் பார்த்துக் கவிஞர் பேரையும் இசையமைப்பாளர் பேரையும் சேர்த்து எழுதிய பிறகுதான் கேசட் கைமாறும். கல்யாண வீட்டுக்குக் குழாய் கட்டும் மைக்செட்காரர்களும் தனியார் பஸ் டிரைவர்களும்தான் எங்கள் பெரிய வாடிக்கையாளர்கள். அவர்கள் அட்டையைப் படிப்பார்களா என்பது பற்றி அண்ணனுக்குக் கவலை இருந்ததில்லை.

அந்தக் கடையில் நடந்த வேலை சட்டத்துக்குப் புறம்பானது. உரிமை வைத்திருப்பவரிடம் கேட்காமல் பாட்டைப் படியெடுத்து விற்பது 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி குற்றம். அண்ணன் வாங்கிய கூலியில் ஒரு பைசா கூட இசையமைப்பாளருக்கோ, கவிஞருக்கோ, ரெக்கார்டு கம்பெனிக்கோ போகவில்லை. பேரை அத்தனை மரியாதையோடு எழுதிய அதே அட்டைதான் அவர்களுக்குச் சேர வேண்டிய காசைத் தடுத்தது. அப்போது எனக்கு இது உறைக்கவில்லை. இப்போது உறைக்கிறது. ஆனாலும் அந்தக் கடையை வெறும் திருட்டுக் கடை என்று எழுதிவிட்டு நகர என்னால் முடியவில்லை. இன்றைக்கு உலகத்துப் பாட்டெல்லாம் நம் சட்டைப் பையில் இருப்பதாகச் சொல்கிறார்கள். அந்தச் சட்டைப் பையில் தேடிக் கிடைக்காத பாட்டுகள் சில, அண்ணன் பல் உடைத்துக் கொடுத்த கேசட்டுகளில் இருக்கின்றன.

ஒரு தட்டில் 140 பாட்டு

ரெக்கார்டிங் சென்டர் ஏன் முளைத்தது என்று யோசித்தால், கடையில் விற்கிற முறையும் கேட்கிறவரின் ஆசையும் ஒத்துப்போகாததுதான் காரணம் என்று தெரியும். ரெக்கார்டு வாங்கினால் ஒரு படத்தின் பாட்டெல்லாம் வாங்க வேண்டும். கம்பெனி கேசட்டில் பெரும்பாலும் ஒரு பக்கம் ஒரு படம், மறுபக்கம் இன்னொரு படம். நமக்கு வேண்டியதோ ஒன்றில் இரண்டு பாட்டு, மற்றொன்றில் ஒன்று. பிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் கொண்டுவந்த கேசட்தான் கேட்கிறவன் கையில் எளிதாகப் பதிகிற வசதியைக் கொடுத்தது. வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனவர்கள் டூ-இன்-ஒன் டேப்ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். வடக்கே குல்ஷன் குமாரின் டி-சீரிஸ் மலிவு கேசட்டை மூலை முடுக்குக்கெல்லாம் கொண்டுபோனது. இங்கே எக்கோ, சங்கீதா என்ற பேர்கள் வீட்டுப் பேர்களாயின. 1984-இல் வந்த 'விதி' படத்தின் கதை வசன கேசட்டைக் கேட்காத டீக்கடை இல்லை. கோயில் கொடைக்குக் கட்டிய குழாயில் நீதிமன்றக் காட்சி முழுக்க ஓடும். படம் பார்க்காதவர்களுக்கும் வசனம் மனப்பாடம்.

கேசட்டில் கையில் வைத்துக்கொள்கிற பாட்டு என்ற ஒன்று உருவானது. அதை இரவல் கொடுக்கலாம், வரதட்சணைச் சீரோடு அனுப்பலாம், கடல் கடந்தும் கொண்டுபோகலாம். 1990-களில் பொருளாதாரத் தடைக்குள் இருந்த யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை, பேட்டரியும் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் ரேடியோவும் கேசட்டும் கேட்டார்கள். ஒருவர் சுற்ற, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். கை ஓய்ந்தால் பாட்டும் இழுபட்டு நிற்கும். எங்கோ ஒரு கம்பெனியின் கணினியை நம்பியிருந்த பாட்டாக இருந்தால் அந்த வீடுகளில் அது கேட்டிருக்கவே முடியாது.

பிறகு எம்.பி.3 வந்தது. ஜெர்மனியின் ஃபிரவுன்ஹோஃபர் ஆய்வகத்தில் உருவானது. அந்தக் கோப்புக்கு எம்.பி.3 என்று வால்பெயர் வைத்தது 1995 ஜூலையில். காது கவனிக்காத ஒலிகளைக் கழித்துவிட்டு, குறுந்தகட்டில் நிமிடத்துக்கு 10 எம்.பி. பிடித்த பாட்டை ஏறக்குறைய ஒரு எம்.பி.யில் அடக்கினார்கள். 1999-இல் அமெரிக்காவில் நாப்ஸ்டர் தொடங்கி, 2001-இல் நீதிமன்றம் நிறுத்தும் வரை, உலகமே ஒருவர் கணினியிலிருந்து மற்றவர் எடுத்துக்கொண்டது. நம் ஊரில் அது தட்டாக வந்தது. 700 எம்.பி. தட்டில் 140 பாட்டு. சென்னையில் பர்மா பஜாரிலும் ரிச்சி தெருவிலும் குவித்து வைத்து விற்றார்கள். இளையராஜாவின் பத்தாண்டு உழைப்பு ஒரு சாப்பாட்டுக் காசுக்குக் கிடைத்தது. ஒரு மணி நேரத்தில் ஒரு கேசட் பதிகிற அண்ணன் எப்படித் தாக்குப்பிடிப்பார்? 2003-இல் கடையை மூடினார். அடுத்த ஆண்டு தமிழக அரசு குண்டர் சட்டத்தில் திருட்டு வீடியோக்காரர்களையும் சேர்த்தது.

அதற்கும் பிறகு செல்போன் கடையில் மெமரி கார்டை நீட்டி, "பாட்டு ஏத்திக் குடுங்க" என்ற காலம். யார் பாட்டு, யார் எழுதியது என்று கேட்க ஆளில்லை. 'ராஜா ஹிட்ஸ்', 'மெலடி', 'குத்து' என்று ஃபோல்டர்கள். கோப்பைத் திறந்தால் பாடகர் பேர் இருக்க வேண்டிய இடத்தில் திருட்டுத் தளத்தின் பேர் இருக்கும். இசையமைப்பாளரின் காசு போனது கேசட்டிலேயே தொடங்கிவிட்டது. பேரும் சேர்ந்து போனது இந்தக் கட்டத்தில்தான். எனக்கு இது காசு போனதைவிட வலித்தது.

காசு கொடுத்துக் கோப்பாக வாங்குகிற கடை ஒன்றும் வராமலில்லை. ஃப்ளிப்கார்ட் 2012 பிப்ரவரியில் ஃப்ளைட் என்ற பேரில் எம்.பி.3 கடை திறந்தது. பூட்டு எதுவும் இல்லாத கோப்பு. வாங்கினால் நம்முடையது. 2013 ஜூனில் மூடிவிட்டார்கள். இலவசமாகக் கிடைக்கிற பொருளை யார் வாங்குவார்கள், சின்னத் தொகையைக் கட்ட எளிய வழியும் இல்லையே என்பது அவர்கள் சொன்ன காரணத்தின் சாரம். ஒன்றரை ஆண்டுகூட ஓடாத கடைதான். ஆனால் அங்கே வாங்கியவர்களின் கோப்புகள் இன்றும் பாடும். கடை மூடிய பிறகும் பொருள் நம் வீட்டில் இருக்கும் என்ற அந்தச் சாதாரண விஷயம் இதற்கடுத்து வந்த ஏற்பாட்டில் இல்லாமல் போனது.

வாடகை

2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டாவை அள்ளி இறைத்தது. 2019 பிப்ரவரியில் ஸ்பாட்டிஃபை என்ற பாட்டுச் செயலி இந்தியாவுக்குள் வந்தது. தொடங்கும்போது மாதம் 119 ரூபாய். விளம்பரத்தைப் பொறுத்துக்கொண்டால் அதுவும் வேண்டாம். திருட்டுத் தளங்களில் ஆபாச விளம்பரங்களுக்கு நடுவே 'டவுன்லோட்' பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தவர்கள், ஒரு விரல் தொட்டால் பாட்டு வருகிற இடத்துக்குக் கூட்டமாக மாறினார்கள். சட்டமும் வழக்கும் பல ஆண்டு செய்ய முடியாததை வசதி செய்து முடித்தது. இது நல்ல மாற்றம். நானும் தினமும் கேட்கிறேன். என் மகள் அவளாகவே பழைய இசையமைப்பாளர் ஜி. ராமநாதனைக் கண்டுபிடித்துக் கேட்டாளென்றால் அதற்கு இந்தச் செயலிகள்தான் காரணம். விருதுநகர் கடையில் அவளுக்கு அந்த வாய்ப்பு இருந்திருக்காது.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அம்மாவுக்காக ஒரு செயலியில் பட்டியல் போட்டு வைத்திருந்தேன். 43 பாட்டு, எல்லாம் அவர் சொல்லச் சொல்லச் சேர்த்தவை. சாயங்காலம் பூக் கட்டும்போது அதை ஓடவிடுவேன். அம்மாவுக்குப் பாட்டின் வரிசை பழகிவிட்டது. ஒன்று முடிந்ததும் அடுத்ததன் முதல் சுரத்தை முனகத் தொடங்கிவிடுவார். ஒருநாள் அவர் முனகியது ஒரு பாட்டு, வந்தது வேறு. எடுத்துப் பார்த்தால் பட்டியலில் ஆறு பாட்டு சாம்பல் நிறத்தில் கிடந்தன. தொட்டால் ஒன்றும் நடக்கவில்லை. ஏன் போனது என்று ஒரு வார்த்தை இல்லை. "நீ அழிச்சிட்டியாப்பா?" என்று அம்மா கேட்டார். நான் அழிக்கவில்லை என்று அவருக்குப் புரிய வைக்கவே கொஞ்ச நேரம் ஆனது. நாம் காசு கட்டுகிறோமே, நம் பட்டியல்தானே, அதில் வேறொருவர் எப்படிக் கை வைக்க முடியும் என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்வி.

அதற்கான பதில் ஒப்பந்தத்தில் இருக்கிறது. நாம் மாதாமாதம் கட்டுவது வாடகை. செயலி நிறுவனமும் சொந்தக்காரரில்லை, அதுவும் இசை நிறுவனத்திடம் குறிப்பிட்ட காலத்துக்கு உரிமம் வாங்கி நமக்கு உள்வாடகைக்கு விடுகிறது. மேலே இருக்கிற இருவருக்குள் பேச்சு முறிந்தால் கீழே குடியிருக்கிற நம் வீடு காலியாகும். 2023 மார்ச்சில் ஜீ மியூசிக் நிறுவனத்துக்கும் ஸ்பாட்டிஃபைக்கும் ஒப்பந்தம் முடிந்து, புதுப்பிப்பதில் உடன்பாடு வராமல், அந்த நிறுவனத்தின் இந்திப் பாட்டுகள் ஒரே நாளில் அங்கிருந்து போயின. 2024-இல் ரெஸ்ஸோ செயலி இந்தியாவில் நின்றது, அதே ஆண்டில் ஏர்டெல் தன் விங்க் செயலியை மூடுவதாக அறிவித்தது. அந்தச் செயலிகளுக்குள் லட்சக்கணக்கானவர்கள் ஆண்டுக்கணக்கில் கோத்து வைத்திருந்த பட்டியல்கள் இருந்தன.

'டவுன்லோட் செய்து வைத்திருக்கிறேனே' என்று பலர் நினைக்கிறார்கள். செயலிக்குள் இறக்கி வைப்பது பூட்டிய பெட்டி, சாவி அவர்களிடம். ஸ்பாட்டிஃபையில் 30 நாளுக்கு ஒருமுறையாவது இணையத்தில் தலைகாட்டாவிட்டால் இறக்கிய பாட்டும் பாடாது. சந்தா நின்றால் அதோடு சரி. தொடக்க விலையான மாதம் 119-ஐயே பத்து வருடம் கட்டினாலும் 14,280 ரூபாய். பதினோராவது வருடம் கட்ட முடியாமல் போனால் கையில் ஒரு பாட்டும் மிஞ்சாது.

பாட்டு இருந்த இடத்தில் இருந்துகொண்டே மாறிவிடுவதும் உண்டு. அமெரிக்கப் பாடகி பியான்சே 2022-இல் வெளியிட்ட ஆல்பத்தில் ஒரு பாட்டில் ஒரு சொல் உடற்குறை உள்ளவர்களைப் புண்படுத்துகிறது என்று எதிர்ப்பு வந்தது. வேறொரு பாட்டில் பழைய பாட்டின் சாயலைப் பயன்படுத்தியது பற்றி அதைப் பாடியவர் ஆட்சேபித்தார். இரண்டையும் சில நாட்களில் மாற்றினார்கள். மாற்றியதில் தப்பில்லை. ஆனால் ஸ்ட்ரீமிங்கில் கேட்டவர்களுக்குப் பழைய வடிவம் இருந்த தடயமே இல்லாமல் போயிற்று. நம் பாட்டுகளில் இது இன்னும் நுட்பமானது. இசைத்தட்டில் இருந்த சரணம் படத்தில் இருக்காது. படத்தில் இருந்த இடையிசை தட்டில் இருக்காது. இப்போது புதுப்பித்த ஒலி என்று சொல்லி பழைய பாட்டின் தபலாவை முன்னால் தள்ளி, வீணையை உள்ளே அமுக்கிய பதிப்புகளும் வருகின்றன. எது அன்றைக்கு வந்த ஒலி என்று காட்ட, யாராவது ஒருவர் வீட்டில் பழைய தட்டு இருந்தாக வேண்டும்.

எண்பது ரூபாய் எங்கே போகிறது?

திருட்டை விட்டுச் சந்தாவுக்கு வந்தோமே, பாட்டை உண்டாக்கியவர்களுக்காவது காசு போகிறதா? போகிறது. ஸ்பாட்டிஃபை தன் வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை உரிமையாளர்களுக்குக் கொடுப்பதாகச் சொல்கிறது. 2024-இல் மட்டும் உலகம் முழுக்க 1,000 கோடி டாலர் கொடுத்ததாகக் கணக்குக் காட்டியது. சின்னத் தொகை இல்லை. பர்மா பஜார் தட்டிலிருந்து இசைக்கு வந்த காசு பூஜ்யம் என்பதை மறக்கக் கூடாது.

பிரிக்கிற முறையில்தான் நான் தடுமாறுகிறேன். நான் கட்டும் சந்தா தொடக்கத்தில் இருந்த 119 ரூபாயே என்றும், அதில் சுமார் 80 ரூபாய் பாட்டுக்காரர்களுக்குப் போகிறது என்றும் வைத்துக்கொள்வோம். நான் மாதம் முழுக்க ஒரே ஒரு கிராமியப் பாடகரின் பாட்டைத்தான் கேட்டேன் என்றால் அந்த 80 ரூபாய் அவருக்குப் போக வேண்டும் என்றுதான் யாரும் நினைப்போம். அப்படிப் போவதில்லை. நாட்டில் எல்லோரும் கட்டிய பணமும் ஒரே அண்டாவில் விழும். மொத்தமாக எத்தனை தடவை எந்தப் பாட்டு ஓடியது என்று பார்த்து, அந்த விகிதத்தில் அள்ளிக் கொடுப்பார்கள். என் ரூபாயில் பெரும்பகுதி நான் ஒருமுறைகூடக் கேட்காத, அந்த மாதத்தின் பெரிய வெற்றிப் பாட்டுக்குப் போய்ச் சேரும். சவுண்ட்கிளவுட் 2021-இல் தனிப் பாடகர்களுக்கு, கேட்டவர் கட்டிய காசு கேட்கப்பட்டவருக்கே என்ற முறையைத் தொடங்கியது. ஸ்பாட்டிஃபை அந்த வழிக்கு வரவில்லை. 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் தடவைகூட ஓடாத பாட்டுக்கு ஒன்றும் கிடையாது. தனியாகப் பாடிப் போடுகிற நம் கானா இளைஞர்களில், கிராமியக் கலைஞர்களில் எத்தனை பேர் அந்தக் கோட்டுக்குக் கீழே நிற்பார்கள்!

அண்டாவிலிருந்து வருகிற பணமும் நேராகப் பாடியவர் வீட்டுக்கு வருவதில்லை. சினிமாப் பாட்டு என்றால் தயாரிப்பாளரிடம் ஆடியோ உரிமை வாங்கிய நிறுவனத்துக்குப் போகும். 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, கவிஞரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டி உரிமையை எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாது என்று ஆக்கினார்கள். தியேட்டருக்கு வெளியே பாட்டு எங்கே பயன்பட்டாலும் அவர்களுக்குப் பங்கு உண்டு. நாடாளுமன்றத்தில் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் இதற்காக உருக்கமாகப் பேசினார். பாடகர்களுக்கும் ராயல்டி உரிமை வந்தது, அதைப் பெற்றுத் தர 2013-இல் ஒரு சங்கமும் அமைந்தது. சட்டம் வந்துவிட்டது, கணக்குதான் இன்னும் வெளிச்சத்துக்கு வரவில்லை. 'எஞ்சாய் எஞ்சாமி' 2021-இல் வந்து கோடிக்கணக்கான முறை ஓடிய பாட்டு. அதிலிருந்து தங்களுக்கு ஒரு பைசா வரவில்லை என்று 2024 மார்ச்சில் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார். வெளியிட்ட நிறுவனம் அதை மறுத்தது. யார் சொல்வது சரி என்பதை விடுங்கள். இத்தனை பெரிய வெற்றிக்கே இந்த நிலை என்றால், எத்தனை தடவை ஓடியது, எவ்வளவு வந்தது, யாருக்கு எவ்வளவு போனது என்று பாட்டெழுதிய ஒரு சாதாரணக் கவிஞர் யாரிடம் போய்க் கேட்பார்?

செயலியைத் திறந்து ஒரு பாட்டைத் தொட்டுப் பாருங்கள். பாடகர் பேர் பெரிதாக இருக்கும், இசையமைப்பாளர் பேர் இருக்கும். எழுதியவர் பேரைப் பார்க்கப் பெரும்பாலும் மூன்று புள்ளியைத் தொட்டு, உள்ளே போய், இன்னொன்றைத் தொட வேண்டும். அங்கேயும் பல பழைய பாட்டுகளுக்கு அது தப்பாகவோ வெறுமையாகவோ இருக்கிறது. கவிஞருக்கு ராயல்டி போய்ச் சேர வேண்டுமென்றால் முதலில் அவர் பேர் அங்கே சரியாக இருக்க வேண்டாமா?

யார் காப்பாற்றுவது?

கம்பெனிகள் பத்திரமாக வைத்திருக்கும் என்ற நம்பிக்கைக்கும் அடிப்படை போதாது. 2008 ஜூன் 1 அன்று ஹாலிவுட்டில் யுனிவர்சல் ஸ்டுடியோ வளாகத்தில் தீப்பிடித்து, ஏராளமான மூல ஒலிநாடாக்கள் எரிந்தன. உலகத்தின் மிகப் பெரிய இசை நிறுவனத்தின் சொத்து. எவ்வளவு பெரிய இழப்பு என்பது 2019-இல் நியூயார்க் டைம்ஸ் எழுதிய பிறகுதான் வெளியே தெரிந்தது. நமக்கு இது புதிதுமில்லை. முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' 1931-இல் வந்தது, இன்று பார்க்க ஒரு பிரதி இல்லை.

இருப்பவையெல்லாம் யாரோ ஒருவர் விடாப்பிடியாக வைத்திருந்ததால்தான் இருக்கின்றன. இலங்கை வானொலியின் இசைத்தட்டு நூலகத்தை எண்ணிப் பாருங்கள். அறிவிப்பாளர்கள் மயில்வாகனமும் கே.எஸ். ராஜாவும் அப்துல் ஹமீதும் எடுத்துப் போட்ட தட்டுகளுக்காகத் தென் தமிழ்நாடே கொழும்புக்குக் காது கொடுத்தது. வி.ஏ.கே. ரங்காராவ் என்ற தனிமனிதர் பல்லாயிரம் பழைய இசைத்தட்டுகளைச் சேர்த்து, ஒவ்வொன்றையும் பற்றி எழுதவும் செய்தார். கோட்டையூரில் ரோஜா முத்தையா தேடித் தேடிச் சேர்த்த நூல்களும் இதழ்களும்தான் இன்று சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமாக நிற்கின்றன. தமிழ் அச்சுக்கு நடந்தது தமிழ் ஒலிக்கும் நடக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன்.

அதற்குச் சட்டத்தில் ஒரு வாசலும் திறந்திருக்கிறது. இந்தியாவில் ஒலிப்பதிவுக்கு உரிமை 60 ஆண்டுதான். 1964-இல் வெளியான இசைத்தட்டுகளின் ஒலிப்பதிவு உரிமை 2024 டிசம்பரோடு முடிந்துவிட்டது. ஒவ்வொரு ஜனவரியிலும் இன்னும் ஓராண்டின் தட்டுகள் அந்தக் கோட்டைத் தாண்டும். பாட்டின் வரிக்கும் மெட்டுக்கும் கணக்கு வேறு, படைத்தவர் இறந்து 60 ஆண்டு. கண்ணதாசன் மறைந்தது 1981, ஆகவே அவர் வரிகளுக்கு 2041 வரை உரிமை உண்டு. அந்த ராயல்டி அவருடைய வாரிசுகளுக்குப் போகட்டும். ஆனால் தட்டுகளை இப்போதே சேகரித்து, துடைத்து, நல்ல தரத்தில் பதிந்து, ஒரு பொது நூலகத்தில் வைக்கிற வேலையைத் தொடங்கலாம். தட்டுகளை வைத்திருப்பவர்களுக்கு வயதாகிறது. பிள்ளைகள் வீடு மாறும்போது முதலில் பழைய இரும்புக் கடைக்குப் போவது இவைதான்.

நிறுவனங்களிடம் கேட்பது ஒன்று உண்டு. பாட்டை விலைக்கு விற்றுத் தாருங்கள். பூட்டில்லாத கோப்பாக, நல்ல தரத்தில், பாடியவர், இசையமைத்தவர், எழுதியவர் பேரோடு. வெளிநாட்டில் பேண்ட்கேம்ப் தளம் 2008 முதல் இதைச் செய்கிறது. டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதத்தை எடுத்துக்கொண்டு, பணப் பரிமாற்றச் செலவு போக மிச்சத்தைக் கலைஞருக்கே அனுப்புகிறது. தமிழில் தனியிசை செய்கிறவர்கள் சிலர் அங்கே விற்கிறார்கள், நான் வாங்குகிறேன். சினிமாப் பாட்டுக்கு அப்படியொரு பரவலான கடை எனக்குத் தெரிந்து இல்லை. 2013-இல் ஃப்ளைட் கடை மூடிய காரணங்களில் ஒன்று இன்றைக்குப் பொருந்தாது. அன்றைக்குப் பத்து ரூபாய் கட்ட எளிய வழியில்லை. இன்றைக்கு இளநீர்க் கடையில் போனைக் காட்டிக் காசு கொடுக்கிறோம். கேட்பதற்குச் செயலி இருக்கட்டும். உயிரோடு கலந்துவிட்ட ஐம்பது பாட்டு எல்லோருக்கும் உண்டு. அந்த ஐம்பதைக் காசு கொடுத்துச் சொந்தமாக்கிக்கொள்ள நேர்வழி வேண்டும். நேர்வழி இல்லாத இடத்தில்தான் ரெக்கார்டிங் சென்டரும் முளைத்தது, பர்மா பஜார் தட்டும் முளைத்தது.

பி பக்கம்

போன பொங்கலுக்கு விருதுநகர் போயிருந்தபோது அண்ணன் ஒரு கேசட்டை எடுத்து வைத்திருந்தார். அருப்புக்கோட்டைப் பக்கத்து அம்மன் கோயில் ஒன்றின் கும்மிப் பாட்டுகள். உள்ளூர்க் குழு பாடி, உள்ளூரிலேயே ஒருவர் போட்டு விற்றது. எந்தச் செயலியிலும் இல்லை, யூடியூபிலும் தேடிவிட்டேன். நாடாவை ஹெட்டோடு அணைக்கிற சின்னப் பஞ்சு உதிர்ந்திருந்தது. அண்ணன் வேறொரு கேசட்டைத் திறந்து அதிலிருந்து எடுத்து ஒட்டினார். ஹெட்டை ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்தார். ஓடவிட்டுக் கேட்டார், ஒலி மங்கலாக இருந்தது. மெல்லிய ஸ்க்ரூடிரைவரை ஹெட்டின் பக்கத் திருகில் வைத்து, மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். ஓரிடத்தில் சட்டென்று கும்மியின் கைத்தட்டல் பளிச்சென்று எழுந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன், 1987-இல் பார்த்த அதே முகம்.

என் மடிக்கணினியில் வயரைச் செருகிப் பதிந்தோம். அரை மணி நேரப் பக்கத்துக்கு அரை மணி நேரம். அதைக் குறைக்க எங்களிடம் இப்போதும் வழியில்லை. இருவரும் பேசாமல் உட்கார்ந்து கேட்டோம். ஏ பக்கம் முடிந்ததும் கோப்புக்குப் பேர் வைத்தேன். ஊர், கோயில், குழு, ஆண்டு. அண்ணன் கண்ணாடியை மூக்கில் தள்ளிக்கொண்டு திரையைப் பார்த்தார்.

"பாட்டு எழுதினவர் பேர் எங்கடா?"

அட்டையில் அந்த இடம் ஈரத்தில் கரைந்திருந்தது. எழுத்தே தெரியவில்லை என்றேன். அண்ணன் எழுந்துபோய்ப் பழைய டைரியைக் கொண்டுவந்தார். அருப்புக்கோட்டையில் மைக்செட் வைத்திருந்த ஒருவரின் நம்பரைத் தேடிப் பிடித்து அடித்தார். அவர் மகன் எடுத்தார். அப்பா வயலுக்குப் போயிருக்கிறார், வந்ததும் கேட்டுச் சொல்கிறேன் என்றார். நாங்கள் காபி குடித்துவிட்டுக் காத்திருந்தோம். பேர் வந்து சேரும்வரை அண்ணன் பி பக்கத்தைத் திருப்பவிடவில்லை.